மாமன் மடியில் மூன்று தடவை

என் காதுகுத்துக்கு வந்தவர்கள் இவர்கள். அப்பா. அம்மா. பெரியப்பா வீட்டார் ஆறு பேர். பொங்கல் வைக்கிற பூசாரி. மொட்டை போட ஒருவர். காது குத்த ஆசாரி. மைக்செட்காரர். சமையலுக்கு இரண்டு பேர். ஆப்பிரிக்காவில் கானா நாட்டிலிருந்து வந்திருந்த ஒருவர். அப்புறம் நான்.

மாமா வரவில்லை.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பாலசமுத்திரத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்தார். காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைக்க வேண்டியவர் அவர்தான். தாத்தா இறந்த பிறகு, தோப்பில் தனக்கும் பங்கு உண்டுதானே என்று அம்மா ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. அதனால்தான் ஏழு வயது வரை என் காது மூளியாகக் கிடந்தது.

எனக்குக் கவலை தோடு. அம்மாவுக்குக் கவலை வேறு. மாமன் மடி இல்லாமல் காது குத்தினால், இவளுக்குப் பிறந்த வீடு இல்லை என்று மைக் வைத்துச் சொன்ன மாதிரி.

அப்பா சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

“மடிதானே. யார் மடியா இருந்தா என்ன?”

“அப்ப உங்க மடியிலயே வெச்சுக்கங்க. அப்படியே உங்க காதையும் குத்திக்கங்க.”

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

கானாக்காரர் முருங்கை பற்றிப் படிக்க வந்தவர். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊரில் அப்பாதான் முருங்கை அதிகம் போட்டிருந்தார். காலேஜில் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் மாடி அறையில் தங்கினார். தமிழ் முழுவதும் அப்பாவிடம் கற்றுக்கொண்டது. அப்பா எல்லோருக்கும் ‘ங்க’ போடுவார். கானாக்காரர் கன்றுக்குட்டிக்கும் போட்டார். “வாங்க, தண்ணி குடிங்க” என்று அதை அழைப்பார். அதுவும் வரும்.

சாயங்காலம் களத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்து தன் சனத்தின் கதை சொல்வார். அக்கான் என்று பெரிய கூட்டமாம். அதில் இவர்கள் ஃபான்டி. முன்னொரு காலத்தில் உள்நாட்டில் இருந்தார்களாம். மூன்று தலைவர்கள் கூட்டத்தைக் கிளப்பிக் கடற்கரைப் பக்கம் நடத்தி வந்தார்களாம். வழியில் தலைவர்கள் செத்தார்கள். விட்டுவிட்டு வரவில்லை. பிணத்தைத் தூக்கிக்கொண்டே நடந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு தோப்புக்குள் புதைத்துக் கும்பிட்டார்களாம்.

“நாங்களும் வடக்கயிருந்து வந்தவங்கதான். சாமி மண்ணு ஒரு பிடி மடியில கட்டிட்டு வந்தாங்களாம்” என்றாள் அம்மா.

“ஆமாங்க. விட்டுட்டு வரக்கூடாதுங்க” என்றார் அவர்.

இன்னொன்றும் சொன்னார். அவர்கள் ஊரில் தலைவர் பட்டம் மகனுக்குப் போகாது. கூடப் பிறந்தவளின் பிள்ளைக்குத்தான் போகும். சொத்தும் அந்த வழியில்தான். பட்டம் என்றால் நம்மூர் மாதிரி தலையில் கிரீடம் இல்லை. ஒரு முக்காலி. அதில் மூன்று தடவை உட்கார வைத்து எடுப்பார்கள். நான் அந்தக் கதையில் பாதியில் தூங்கிவிட்டேன்.

காதுகுத்து அன்றைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாகிவிட்டது. அப்பா போன் போட்டார். மாமா எடுக்கவில்லை. பூசாரி நல்ல நேரம் போகிறது என்றார். அம்மா பொங்கல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கானாக்காரர் அப்பாவிடம் கேட்டார்.

“மாமா இல்லாம எப்படிங்க ஆரம்பிக்கிறது?”

“அவர் வரமாட்டாருங்க.”

கானாக்காரர் அப்பாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். சோடா வாங்கப் போகிறார் என்று அப்பா நினைத்திருக்கிறார்.

ரொம்ப நேரம் கழித்து மொபெட் வந்தது. மந்திரி காருக்கு முன்னால் போலீஸ் வண்டி வருகிற மாதிரி. பின்னால் மாமாவின் வண்டி. அதில் மாமா, அத்தை, நடுவில் நசுங்கிக்கொண்டு அவர்கள் மகன்.

மாமா வண்டியை விட்டு இறங்கியதும் அப்பாவிடம்தான் பேசினார்.

“ஏ மாப்ள, இந்தாளை எங்க புடிச்சீங்க? வாசல்ல வந்து உக்காந்துட்டாரு. மூணு தலைவருங்க, செத்துட்டாங்க, தூக்கிட்டு வந்தாங்கன்னு அதையே சொல்லிட்டிருக்காரு. செத்தவனையே தூக்கிட்டு வந்த கூட்டம், என்னைய உட்டுட்டா போகப்போவுது? ஆள் இருக்கற இருப்புக்குத் தூக்கிருவாருன்னு நானே வந்துட்டேன்.”

அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். மாமா குடித்தார். இரண்டு பேரும் சொம்பை மட்டும் கொடுத்து வாங்கினார்கள்.

மாமா மணையில் உட்கார்ந்தார். என்னை மடியில் வைத்தார்கள். கானாக்காரர் அப்பாவிடம் குனிந்து, “இன்னிக்குப் பாப்பாவுக்குப் பட்டமாங்க?” என்றார். மைக்செட் சத்தத்தில் அப்பாவுக்குக் காதில் விழவில்லை. விழாவிட்டால் அப்பா ஆமாங்க என்பார். ஆமாங்க என்றார்.

ஆசாரி என் காதைப் பிடித்தார். கானாக்காரர் வந்தார். என் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினார். மெதுவாக மாமா மடியில் பட்டும் படாமல் இறக்கினார். மறுபடி தூக்கினார். இறக்கினார்.

“ஏனுங்க, கையில ஊசி இருக்குதுங்க” என்றார் ஆசாரி.

மூன்றாவது தடவை உட்கார வைத்தார். பின்னால் நகர்ந்து செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை இறக்கி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பெரிய மனிதர் முன்னால் துண்டை இறக்குவது எங்களுக்கும் தெரிந்த மரியாதை. அதனால் யாருக்கும் சட்டென்று சிரிக்க வரவில்லை.

“இனி மாமா தோப்பு பாப்பாவுக்குங்க. அப்புறம் பாப்பா பெத்த பிள்ளைக்குங்க” என்றார்.

தோப்பு என்ற சொல் விழுந்ததும் மைக்செட்காரர்கூடப் பாட்டை நிறுத்திவிட்டார். அப்பா வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார். அம்மா முகம் வெளுத்துவிட்டது. இவள்தான் சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று அண்ணன் நினைப்பாரே.

மாமா மகனுக்கு ஒன்பது வயது. அவன்தான் கேட்டான்.

“அப்ப எனக்கு?”

“உங்களுக்கு உங்க மாமா தருவாருங்க” என்றார் கானாக்காரர்.

அவன் அத்தை பக்கம் திரும்பினான். “ஏம்மா, உங்கண்ணன்கிட்ட என்ன இருக்குது?”

“கடன் இருக்குது. போய் வாங்கிக்க” என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். அப்புறம் பெரியப்பா. அப்புறம் மாமா. மாமாவுக்குத் தொந்தி பெரியது. அது குலுங்கியதில் நானும் குலுங்கினேன்.

“ஆடாதீங்க சாமி, காது எங்கயாச்சும் போயிரும்” என்று ஆசாரி காத்திருந்தார். சிரிப்பு நிற்கிற வழியாக இல்லை. குத்திவிட்டார். இன்றைக்கும் என் இடது காது ஓட்டை வலதைவிட ஒரு நெல் அளவு மேலே இருக்கிறது. நான் அழுததை யாரும் கவனிக்கவில்லை. அம்மாவும் அழுதுகொண்டேதான் சிரித்தாள்.

மறுநாள் மாமா வீட்டில் கறி விருந்து. கானாக்காரருக்கு அத்தை மூன்று தடவை சோறு போட்டாள். சாப்பிட்டு எழுந்ததும் மாமா சுண்ணாம்பு வாளியும் மட்டையும் எடுத்துக்கொண்டு தோப்புக்கு நடந்தார். அம்மாவை வரச் சொன்னார். நானும் புதுத் தோடு போட்ட காதோடு ஓடினேன்.

வாய்க்கால் ஓரத்திலிருந்து ஒவ்வொரு மரமாகச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு போனார்.

“எண்ணு சாமி. சத்தமா எண்ணு. உங்கம்மாளுக்குக் கேக்கோணும்.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். “போதும்ணா” என்றாள். அவர் நிறுத்தவில்லை. நான் கத்தி எண்ணினேன். கிணற்று மேட்டில் மாமா வாளியைக் கீழே வைத்தார். அந்தப் பக்கமும் மரம் இருந்தது. அதையும் எண்ணுவேன் என்று நான் அடம்பிடித்தேன்.

“அது எங்களுது சாமி” என்றார்.

சுண்ணாம்பு கறையானுக்கு என்று நினைத்தேன். அம்மாவின் பங்கைப் பிரிக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

எழுபத்து மூன்று.