அண்ணனுக்கு நான் எழுதிய லீவு லெட்டர்

என் கையெழுத்தை ஒரே ஒருவர்தான் வாய்விட்டுப் பாராட்டியிருக்கிறார். என் அண்ணனுக்கு எதிராக வாதாடிய கம்பெனி வக்கீல். பாவி, அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது, பழவேற்காடு ஏரியில் வலை வீசிக்கொண்டிருந்த அண்ணன் ஓர் ஈயக் கம்பெனியில் சேர்ந்தான். பழைய பேட்டரித் தகடுகளை உலையில் போட்டு உருக்கும் வேலை. புகை போக ஒரு ஜன்னல் இருந்தது. முகத்தில் கட்டிக்கொள்ளும் துண்டு அவனுடைய சொந்தத் துண்டு. இரண்டாம் வருஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். விரல் மரத்துப்போகிறது என்றான். கம்பெனி டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அம்மா பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். ஆடியில் அண்ணன் பத்து நாள் கோயிலில் தங்கி, வேப்பிலை உடுத்திச் சுற்றி வர வேண்டும்.

அந்தக் கம்பெனியில் லீவு வேண்டுமென்றால் எல்லாரும் பொய்தான் எழுதுவார்கள். தங்கைக்குக் கல்யாணம், பெரியப்பா சாவு. ஒருவருக்கு மூன்று மாமனார்கள் செத்திருக்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று எழுதினால் ஆளையே மாற்றிவிடுவார்கள் என்பதால் போர்மேனே அப்படித்தான் எழுதச் சொல்லுவார். வீட்டில் பள்ளி இறுதி வரை படித்தவள் நான் ஒருத்திதான். எனக்கே கல்யாணம் என்று எழுத உட்கார்ந்தேன். அம்மா விடவில்லை.

"அம்மனுக்கு நேந்துக்கினு போறான். அதுக்குப் போயி பொய் எழுதுவியா? இன்னா நோவோ, உள்ளத எழுது," என்றாள்.

வேண்டுதலுக்குக் கிளம்புகிறவன் பொய் சொன்னால் வேண்டுதல் பலிக்காது. எங்கள் குப்பத்தில் அதை மீற யாருக்கும் தைரியம் கிடையாது. வயிற்று வலி, விரல் மரத்துப்போவது, எந்த மாதத்திலிருந்து என்பது வரை எல்லாவற்றையும் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தேன். போர்மேன் முறைத்தாராம், ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

பத்து நாளில் அண்ணனுக்கு வலி குறைந்தது. அம்மா அம்மனைக் கும்பிட்டாள். பத்து நாள் ஈயப் புகை படாமல் இருந்ததால் குறைந்தது என்று சொல்ல எங்களுக்கு யார் இருந்தார்கள்? திரும்பவும் அதே உலைக்குப் போனான்.

இரண்டரை வருஷம் கழித்து ஒரு நாள் அவனுடைய இரண்டு கைகளும் மணிக்கட்டோடு தொங்கிவிட்டன. நிமிர்த்தவே முடியவில்லை. சென்னைப் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவனுடைய உதட்டை விலக்கி, ஈறில் ஓடிய நீலக் கோட்டைப் பார்த்துவிட்டு, எங்கே வேலை என்று கேட்டார். ஈயம்தான் காரணம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். அந்த மாதமே திருவள்ளூருக்குப் பஸ் ஏறி, ஒரு வக்கீலைப் பிடித்து, நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அதிகாரியிடம் மனுப் போட்டோம்.

அதுவரை தங்கள் ஆலையில் அப்படியொரு நோயே கிடையாது என்று சாதித்த கம்பெனி, விசாரணையன்று ஃபைலிலிருந்து என் லெட்டரை எடுத்தது. கம்பெனி வக்கீல் அதை நிறுத்தி நிறுத்திப் படித்தார். இவருக்கு நோய் அன்றைக்கே வந்துவிட்டது, அதற்காகத்தான் லீவே எடுத்திருக்கிறார் என்றார். நோயால் வேலைக்கு வராமல் நின்ற முதல் நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கேட்டிருக்க வேண்டும், ஆறு மாதம் தாண்டிவிட்டது என்றார். யார் எழுதியது என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். "நல்ல கையெழுத்தும்மா, ஒரு பிழைகூட இல்லை," என்றார் அந்த மனுஷன்.

எங்கள் வக்கீல் எழுந்து, தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று வாதாடினார். அதிகாரி அண்ணனைக் கேட்டார்: இவ்வளவு விவரமாக எழுதத் தெரிந்த உங்களுக்கு அப்போதே வந்து கேட்கத் தெரியவில்லையா?

"வாயுன்னுதான சார் சொன்னாங்க," என்றான் அண்ணன். "வாயுக்கு யாரு சார் கேஸ் போடுவாங்க?"

பின்னால் இருந்த யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

காலம் கடந்த மனு என்று தள்ளிவிட்டார்கள். ஈயத்தால்தான் கை போனதா இல்லையா என்பதைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வரி கிடையாது. நோயின் பெயர் தெரியவே இரண்டரை வருஷம் ஆகும்போது, கேட்பதற்கு இரண்டே வருஷம் என்று சட்டம் எழுதியவன் எந்த உலை முன்னால் நின்றிருப்பான்? அவனையும் திட்டினேன், வாயு டாக்டரையும் திட்டினேன். அதையெல்லாம்விட என் கையை வெறுத்தேன். அன்றைக்கு எனக்குக் கல்யாணம் என்று எழுதியிருந்தால் அவர்கள் கையில் ஒரு காகிதமும் இருந்திருக்காது.

அடுத்த ஆடிக்கு முன்னால், அதே கம்பெனியில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். வயிறு பிசைகிறது, பெரியபாளையம் போக வேண்டும், லெட்டர் எழுதிக் கொடு என்றார். காகிதத்தை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் அண்ணனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"ஊட்ல சாவுன்னு எழுது. அம்மன் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."