பறக்காத மணல்

மழை விட்டதும் சீனி வாங்கக் கடைக்குப் போனேன். வாசலில் கால் துடைக்க ஒரு சாக்கு போட்டிருந்தார்கள். நன்றாக நனைந்து கிடந்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன்.

"ஐயா, உள்ள வாங்கோ, இல்லாட்டி வழி விடுங்கோ" என்றான் கடைக்காரப் பொடியன்.

வழி விட்டேன். என்ன வாங்க வந்தேன் என்பது மறந்துபோயிற்று.

ஈரச் சாக்கு என்றால் எனக்கு நூர்தீன் நானாவின் வளவுதான். துறைமுகத்துக்குப் போகும் தெருவில், இரண்டு முருங்கை மரம் நின்ற வளவு. அதன் கோடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். சொந்த ஊர் திரியாய். பள்ளிக்கூடம் எனக்குச் சரிவரவில்லை. டயர்க் கடையில் ஒட்டுப் போடுகிற வேலை சரிவந்தது. ரப்பர் பசையின் மணம் சோற்றிலும் இருக்கும். இப்போது அதுவும் பிடிக்கும் போலிருக்கிறது, தூரத்தில் இருப்பதால்.

நானாவிடம் ஒரு ஏ-ஃபோர்ட்டி கார் இருந்தது. வாடகைக்கு ஓடினார். கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். காரைப் பாதையில் ஏற்றித்தான் கடக்க வேண்டும். வாகனம் ஏற்றுகிற தட்டைப் படகை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். ஏறும்போதும் இறங்கும்போதும் காரின் அடிப்பக்கம் உப்புத் தண்ணீரில் நனையும். குறிஞ்சாக்கேணியில் பிள்ளைப்பேறு என்றால் நானா போவார், தோப்பூரில் காய்ச்சல் என்றால் போவார். நனைந்து நனைந்து, முன்சக்கரங்களைத் தாங்குகிற இரும்புச் சட்டம் துருவேறி அடை அடையாக உரிந்தது. ஒருநாள் நானா அதைச் சுட்டியலால் தட்டிப் பார்த்தார். சத்தம் இரும்பின் சத்தமாக இல்லை.

புதுச் சாமான் இறக்குமதி நின்றுபோன காலம் அது. இருக்கிற இரும்பைத்தான் காப்பாற்ற வேண்டும். கம்பி பிரஷ் மேல் துருவைத்தான் எடுக்கும், குழிக்குள் போகாது. குழி எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் வெல்டிங்காரன் கை வைக்க மாட்டான். கப்பல் அடியைக் காற்றாலும் மணலாலும் அடித்துத் துடைப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். டயர்க் கடை முதலாளி ஞாயிற்றுக்கிழமைகளில் கொம்பிரசரை இரவல் தந்தார். பெயின்ற் அடிக்கிற பழைய துவக்கில் ஒரு குழாய் பூட்டி, மறுமுனையை மணல் வாளிக்குள் விட்டேன். கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு ஒரு ரிம்மை வைத்து அடித்தோம். கடற்கரை வெள்ளை மணல். முகத்தில் லேஞ்சித் துணி கட்டியிருந்தேன். துரு பறந்தது, இரும்பு வெள்ளியாக வந்தது. நானா கை தட்டினார். வளவு முழுவதும் வெள்ளைப் புகை. கோழிகளைக் காணவில்லை.

புகைக்குள்ளிருந்து சல்மா ராத்தா வந்தார். நானாவின் மனைவி. முக்காட்டை மூக்கில் அழுத்திக்கொண்டு நேரே போய்க் கொம்பிரசரை நிறுத்தினார்.

"தம்பி, லேஞ்சிய அவிழு."

அவிழ்த்தேன்.

"மூக்கச் சிந்து இதில."

வெள்ளைத் துணியொன்றை நீட்டினார். சிந்தினேன். அதில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருந்தது.

"எங்கட வாப்பா கல்லுடைச்சவர். கடைசி வருசம் படுக்க ஏலாம, கதிரையில குந்திக்கொண்டுதான் நித்திர. இந்த வளவுல அது வேணாம்."

"கப்பல்ல எத்தன பேர் செய்றாங்க புள்ள" என்றார் நானா.

"அவங்கட பொண்டாட்டிமார் பாக்கட்டும். நான் இஞ்ச பாக்கிறன்."

அதோடு வேலை நின்றது. கார் மரக்குற்றிகளின் மேல் சக்கரமில்லாமல் நின்றது. அது ஓடாவிட்டால் குசினியில் அடுப்பெரிவது கஷ்டம். காலையில் மரவள்ளிக்கிழங்கு, இரவிலும் அதுதான். பிள்ளைகள் மூன்று. நானா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ராத்தா கிழங்கை வைத்துவிட்டுப் போனார். சட்டத்தை விட்டுவிட்டு ஓட்டினால் தெருவில் சக்கரம் கழன்றுவிடும். மணல் அடித்தால் நெஞ்சு போய்விடும். இரண்டும் வேண்டாம் என்றார் ராத்தா. அப்போது பிடிவாதம் என்று நினைத்தேன். பசியில் பிடிவாதம் பிடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் ஊருக்குப் போய் வந்தால் என் பையிலிருந்து மண் கொட்டும். திரியாய்ப் பக்கத்துக் கடற்கரையில் கறுப்பு மணல் படை படையாகக் கிடக்கும். ராத்தா அதற்காக என்னைத் திட்டுவார். ஒருநாள் கோடி அறையைக் கூட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"தம்பி, உங்கட ஊர் மண் ஏன் எழும்புதில்ல?"

"என்ன ராத்தா?"

"எங்கட மண்ணக் கூட்டினா மூக்குக்க வரும். இது இரும்புத்தூள் மாதிரி நிலத்திலயே கிடக்கு. இஞ்சாருங்க, வந்து பாருங்க!" என்று நானாவையும் கூப்பிட்டார்.

ஒரு பிடி அள்ளி வாசலில் காற்றுக்கு வீசினார். வீசிய இடத்துக்குக் கீழேயே விழுந்தது. நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

அடுத்த முறை சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். தூக்க முடியாத பாரம்.

"என்ன தம்பி, கடலையும் சேத்துக் கட்டினீரோ?" என்றார் கொண்டக்டர்.

ராத்தா அதில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார். "உப்பு. முதல் அடிச்ச ரிம் ஏன் விடியமுன்னம் சிவந்தது எண்டு இப்ப விளங்குதா?" உண்மைதான், அந்த வெள்ளி ரிம் மறுநாள் காலை செம்மண் பூசிய மாதிரி நின்றது. எங்களுக்கு உறைக்கவில்லை. அரிசி களைவதுபோல் மணலைக் கிணற்றுத் தண்ணீரில் களைந்து, நாக்கில் உப்பு இல்லை என்று வரும்வரை களைந்து, பாயில் காயவைத்தார்.

கறுப்பு மணல் பறக்காவிட்டாலும் அவர் விடவில்லை. துரு பறக்கும்தானே என்றார். தடித்த ரட்டுத் துணியில் தலையிலிருந்து தோள்வரை இறங்குகிற ஒரு கூடு தைத்தார். பழைய படச்சட்டத்துக் கண்ணாடியைக் கண்ணுக்கு வைத்தார். சைக்கிள் ரியூப்புகளை வெட்டி நீளமாக ஒட்டுவது என் வேலை. ஒரு முனை கூட்டுக்குள், மறுமுனை வேலிக்கு அப்பால், காற்று வருகிற பக்கத்தில். அங்கே கொல்லனின் துருத்தியோடு நானா. நான் சுவாசிக்க அவர் ஊத வேண்டும். பீடிக்குத் தடை, புகை எனக்குத்தான் வரும் என்று. சுற்றிவர நனைத்த சாக்குகள். நிலத்துக்குத் தண்ணீர். கோழிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கதவடைப்பு. உடுப்பைக் கிணற்றடியில் கழற்றி, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வரலாம்.

அந்தக் கூட்டைப் போட்டுக்கொண்டு நான் வெளியே வந்ததும் பக்கத்து வளவு மரியதாஸ் மதிலில் ஏறிவிட்டார்.

"நூர்தீன், பொம்பிளைய முக்காடு போட்டுக் கூட்டி வாறீர், எப்ப கலியாணம்?"

"நீர் மொய்யைக் கொண்டு வாரும், சொல்லுறன்" என்றார் நானா, துருத்தியை மிதித்துக்கொண்டே.

உள்ளே வெக்கை. ரட்டின் மணம், ஈரச் சாக்கின் மணம், ரியூப் வழியாக ரப்பர் மணத்தோடு வருகிற காற்று. இடைக்கிடை காற்று நின்றுவிடும், நானா மரியதாசோடு கதைக்கிறார் என்று அர்த்தம். ரியூப்பை இழுப்பேன், திரும்ப வரும். கறுப்பு மணல் சட்டத்தில் பட்டுக் காலடியில் விழுந்தது. புகை எழவில்லை. துருவுக்குள்ளிருந்து சாம்பல் நிற இரும்பு வந்தது. கையால் தடவினேன், பூனை நாக்கு மாதிரிச் சொரசொரப்பு. ஓரிடத்தில் மட்டும் ஓட்டை. மற்றதெல்லாம் உறுதி.

வெளியே வந்ததும் ராத்தா வெள்ளைத் துணியோடு நின்றார். நான் சிந்தினேன். அவர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது.

"ஓம். இனி அடிங்க" என்றார்.

அன்று மத்தியானமே சிவப்பு பெயின்ற் பூசினோம். வெல்டிங்காரன் ஓட்டையை அடைத்தான். கார் மறுபடியும் பாதையில் ஏறியது. குசினியில் சோற்று மணம் வந்தது.

அதற்குப் பிறகு வேறு கார்க்காரர்களும் வந்தார்கள். கூடு, துருத்தி, வெள்ளைத் துணி எதிலும் ராத்தா விட்டுக்கொடுக்கவில்லை. பொறுக்காதவர்கள் வேறிடத்தில் வெள்ளை மணலும் லேஞ்சியுமாக அடித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் என் வயதுக்காரர். பிற்காலத்தில் அவர்கள் கதிரையில் குந்தியபடி நித்திரை கொண்டதை நான் போய்ப் பார்த்தேன்.

இப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இருக்கிறது. பாதை இல்லை. எண்பதுகளின் தொடக்கத்துக் கலவரங்களில் எல்லாரும் திசைக்கொன்றாய்ப் போனோம், கார் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. நானா இல்லை, ராத்தா இல்லை. வளவில் கொங்கிறீற் கட்டிடம் நிற்கிறது, முருங்கைகள் நின்ற இடத்தில் படி.

கடை வாசலில் அந்தச் சாக்குக்கு மேல் நின்று இன்னொரு முறை மூச்சை இழுத்தேன். அடிவரை போனது. இருமல் வரவில்லை.