எனக்குப் பதில் ஒரு வாழைக்குற்றி

ஆமியில் இருந்தபோது ஷெல் விழுந்து தலையிலும் காலிலும் காயம். மூன்று நாள் நினைவில்லாமல் சாகக் கிடந்தேன். மௌத்தின் வாசலில் என்ன கண்டாய் என்று இப்பவும் கேட்கிறார்கள். ஒன்றும் காணவில்லை. கண் திறந்ததும் தாகம் எடுத்தது, அவ்வளவுதான்.

அதற்குள் நான் மௌத்தாகிவிட்டதாக முகாமிலிருந்து தவறுதலாக வீட்டுக்கு அறிவித்துவிட்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லி, மையவாடியில் என்னை அடக்கக் கப்றுக் குழியும் வெட்டியாயிற்று. பிறகுதான் உயிரோடு இருக்கும் செய்தி போனது. வெட்டிய கப்றை வெறுமனே விடக்கூடாதென்பது எங்கள் ஊர் வழக்கம். எனக்குப் பதிலாக ஒரு வாழைக்குற்றியை வைத்து மூடினார்கள்.

ஊன்றுகோலோடு ஊருக்கு வந்து கனகாலம். ஆமி என்னை மறந்துவிட்டது, ஊர் மறக்கவில்லை. தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தால், “ஆமிக்காரன் வாறான்” என்று யாரோ முணுமுணுக்க, கதை நின்றுவிடும். கடைக்காரர் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மையவாடியைக் கடப்பவர்கள் உள்ளே கிடப்பவர்களுக்கு ஸலாம் சொல்லுவார்கள். நேற்று அந்த மதிலோரம் நின்றேன். அதே கடைக்காரர் சைக்கிளை நிறுத்தி, என்னைத் தாண்டி கப்றுகளைப் பார்த்து, பணிவாக ஸலாம் சொன்னார்.

என் கப்றும் அங்கே இருப்பதால் நான் பதில் சொன்னேன்: “வஅலைக்கும் ஸலாம்.”