மடத்துக் கேட்டின் தாக்கோல்

கிறிஸ்தவத் துறவிகளின் மடத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுவதுதான் என் வேலை. குடியிருக்கும் வீடும் மடத்து நிலத்தில்தான். அப்பா காலத்தில் வாய்ச்சொல்லாகக் கொடுத்த இடம். போ என்றால் போக வேண்டியதுதான்.

எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழி அந்த ரப்பர் மரங்களுக்கு நடுவே போகிறது. சென்ற மழைக்காலம் முடிந்ததும் மடத்துத் துறவிகள் அதை அடைத்து இரும்புக் கேட் போட்டார்கள். ஊரார் கூட்டம் கூடினார்கள், அமரவிளை வரை ஊர்வலம் போனார்கள். நான் எதற்கும் போகவில்லை. விடியுமுன் வெட்டுக்குப் போகிறவன் என்பதால் கேட்டின் தாக்கோல் ஒன்று என்னிடம் இருந்தது. அந்தச் சாவியை யார் கண்ணிலும் படாமல் மடியில் முடிந்து வைத்திருந்தேன்.

அப்போதுதான் அடுத்த வீட்டு அண்ணன் இறந்தார். ரோடு சுற்றிப் போகமாட்டோம் என்று ஊரார் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே கேட்டுக்கு வந்தார்கள். வீட்டிலிருந்து எடுத்த பெட்டியைக் கல்லறை சேரும்வரை தரையில் வைப்பது எங்களிடம் வழக்கமில்லை. தூக்கியவர்கள் வெயிலில் அப்படியே நின்றார்கள். நான் கூட்டத்தின் பின்னால் ஒதுங்கினேன்.

உள்ளே மடத்துத் தலைவரான பெரியச்சன் நின்றார். கோபப்படவில்லை. ரோடு வழி போக வண்டி தருகிறேன் என்றார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நிறுத்தினார்.

"ஒனக்க வீடு எங்க இருக்குன்னு ஓர்மை உண்டுல்லா?"

நான் மடியிலிருந்த சாவியைப் பொத்திப் பிடித்தேன். பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியிருந்தவன் முனகினான். "எலே, அண்ணன் கடைசிவர எறச்சிய விடல்ல. இப்பம் அந்தக் கனத்த எனக்க தோளாக்கும் சொல்லுது."

யாரும் சிரிக்கவில்லை. பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. அண்ணி என் கையைப் பிடித்தாள்.

"மக்கா, ஒனக்க அண்ணனை கீழ வைக்க விட்டுராத."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். தாக்கோலைப் போட்டுத் திறந்தேன். பெரியச்சன் ஒதுங்கி வழிவிட்டார், பெட்டிக்குச் சிலுவை அடையாளமும் போட்டார். என்னை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலை இன்னும் இருக்கிறது. ஆனால் அடுத்த வாரம் இரண்டு பேர் டேப்போடு வந்து எங்கள் முற்றத்தை அளந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். மடத்தில் கேட்கச் சொன்னார்கள். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர்கள் அடித்த எல்லைக் குற்றி சமையலறை வாசலில் நிற்கிறது. என் மனைவி அதைத் தாண்டித்தான் விறகெடுக்கப் போகிறாள்.