சந்தனம் வைத்த ஓவன்

ஆயுத பூசை அன்று எனக்குச் சோறு போடுகிற சாமானுக்கெல்லாம் பொட்டு வைப்பேன். கிரைண்டருக்கு, தராசுக்கு, நெய் பிஸ்கட் சுடுகிற ஓவனுக்கு. ஓவனின் முகப்பில் மட்டும் சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே அப்புவேன். அதுதானே என் தொழில். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு நான் சுடுகிற பிஸ்கட்தான் போகிறது.

பூசையன்று சாமானுக்கு ஓய்வு. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து ஓவன் சுவிட்சைப் போட்டேன். கீ கீ என்று விடாமல் கத்தியது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் சொல் கேட்கவில்லை, சூடும் ஏறவில்லை. டீக்கடைக்கு மறுநாள் காலை பிஸ்கட் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

மகன் வந்து பார்த்தான்.

"விட்டுத் தள்ளும்மா. இந்த வயசுல நீ பிஸ்கட் சுட்டு யாருக்கு என்ன ஆகணும்? எடைக்குப் போட்டுடலாம்."

இதைச் சொல்ல எத்தனை நாளாகக் காத்திருந்தானோ. ஓவன் போனால் நானும் மூலையில் உட்கார்ந்து டிவி பார்ப்பேன் என்று அவனுக்கு நினைப்பு.

"எனக்கு ஆகணும். மெக்கானிக்கைக் கூப்பிடு."

மன்னார்புரத்திலிருந்து வந்தார், தலை நரைத்த மனிதர். பிளக் பாயிண்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். கரண்ட் வந்தது. பட்டன்களைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள போர்டு போயிடுச்சும்மா. இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்லை. புதுசு வாங்கிடுங்க."

மகன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"செத்துப்போன போர்டு எப்படிங்க கத்தும்?" என்று கேட்டேன். "பட்டன்ல விரல் தங்கிட்டா இது எப்பவும் இப்படித்தான் கத்தும். இப்ப யாரு விரலை வெச்சிருக்கா?"

"உங்க வீட்டுப் பேய் வெச்சிருக்கும்மா" என்று சிரித்தார்.

"பேய் வந்திருந்தா மொதல்ல பிஸ்கட் டின்னைத்தான் காலி பண்ணியிருக்கும்."

அவர் போனதும் பிளக்கைப் பிடுங்கினேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு பட்டன்களைப் பார்த்தேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. எது எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். ஓவனைத் தொடங்கி வைக்கிற ஓரத்துப் பட்டன் அமுங்கியபடியே நின்றது. அதைச் சுற்றிச் சந்தனம் வழிந்து காய்ந்து, சிமெண்ட் பூசியதுபோல் இறுகிக் கிடந்தது.

"ஆக, நீதான் கெடுத்திருக்கே" என்றான் மகன்.

"நான்தான். உன் பைக்குக்கும் நான்தான் சந்தனம் வெச்சேன். அதை எடைக்குப் போடறியா?"



விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிச் சுரண்டினேன். ஒட்டப் பிழிந்த துணியால் துடைத்தேன். அழுத்தி விட்டதும் பட்டன் டக்கென்று மேலே வந்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன், படுத்து எழுந்தேன். ஈரம் முழுக்கக் காய்ந்தபிறகுதான் பிளக்கைச் செருகினேன்.

சத்தம் இல்லை. ஓரத்துப் பட்டனைத் தொட்டேன். ஒரே ஒரு கீ. உள்ளே விளக்கு எரிந்தது. கையை ஓவன் வாயருகே நீட்டினேன், அனல் வந்தது.

அன்று சாயங்காலமே மாவு பிசைந்துவிட்டேன். காலையில் டின்னைத் தூக்கியபோது மகன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தான்.

"குடும்மா, நான் கொண்டு போறேன்."

"நீ ஆபீசுக்குப் போ. என் பிஸ்கட்டை நானே கொண்டு போவேன்."

அடுத்த ஆயுத பூசைக்கும் ஓவனுக்குச் சந்தனம் உண்டு. பட்டன் பக்கம் போகாமல் உச்சந்தலையில் வைப்பேன்.