ஆச்சி கொடுத்த மங்குக் கிண்ணம்

பெண் குழந்தை பிறந்ததுமே அவள் கல்யாணத்துக்கென்று பாத்திரம் சேர்ப்பது அன்பா, அவசரமா? ஊரப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டில் பாத்திரங்கள் சேர்ந்துகொண்டிருக்கும் பரணை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. என் மகள் இன்னும் எல்கேஜிகூடப் போகவில்லை. பதில் இன்றுவரை தெரியவில்லை.

எனக்கு ஏழு வயதிருக்கும். அப்பாவின் அலுவலக நண்பர், காரைக்குடிப் பக்கத்தில் இருந்த தன் அக்கா வீட்டுக்கு எங்களை அழைத்திருந்தார். பெருங்களத்தூரில் பஸ் ஏறிப் போனோம். நாங்கள் அப்போது இரும்புலியூரில் ஒரு சின்ன மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது எங்கள் தெருவே இதற்குள் அடங்கிவிடும் என்று நினைத்தேன். வாசல் ஒரு தெருவில், கொல்லை அடுத்த தெருவில். சுவரில் கிருஷ்ணரும், கவுன் போட்ட வெள்ளைக்காரப் பெண்மணியும் அக்கம்பக்கமாக இருந்தார்கள். காலையில் பார்த்த கோயில் கோபுரத்திலும் இப்படித்தான் பொம்மைக் கூட்டம். ஞாயிறுதோறும் சர்ச்சின் வெள்ளைச் சுவரையே பார்த்து வளர்ந்த எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். எல்லாம் பூட்டியிருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று நச்சரித்தேன். அம்மா கிள்ளிப் பார்த்தார், பலனில்லை. நண்பரின் அக்காவை அங்கே எல்லோரும் ஆச்சி என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே ஓர் அறையைத் திறந்தார். தரையிலிருந்து கூரைவரை பாத்திரங்கள். பித்தளை, எவர்சில்வர், மங்கு என்று அவர்கள் சொல்லும் எனாமல் கிண்ணங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. எல்லாம் ஆச்சியின் ஒரே மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்தவை. அன்றைக்கு உறவுக்காரர்கள் பார்க்கப் பரப்பி வைப்பார்களாம். அடுக்கு குறையக் கூடாதென்று ஒரு கரண்டியைக்கூட வெளியே எடுப்பதில்லையாம்.

“அந்த அக்காவுக்குக் கல்யாணம் எப்போ?” என்று கேட்டேன். அப்பா அவசரமாக மேற்கூரை ஓவியத்தை ரசிக்கத் தொடங்கினார்.

“அவளையே கேளு பாப்பா. சொன்னா எனக்கும் வந்து சொல்லு” என்றார் ஆச்சி.

மகள் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். எதிர்ப்பக்கம் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். முற்றத்தைத் தாண்டி ஓடிப்போய் அப்படியே கேட்டேன்.

“நான் பண்ணிக்கிறதா இல்ல. ஆத்தாகிட்ட எத்தனையோ தடவ சொல்லியாச்சு. நீ சொன்னாலாவது நம்புறாகளான்னு பாப்போம்.”

திரும்பி ஓடிவந்து ஒப்பித்தேன். “பண்ணிக்கப் போறதில்லையாம். நீங்க நம்பணுமாம்.”

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். ஆச்சி, மகள் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அடுக்கில் இருந்த மிகச் சிறிய மங்குக் கிண்ணத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, என் கையில் வைத்தார்.

“அடுக்கு குறைஞ்சிடுமே ஆச்சி” என்று அம்மா பதறினார்.

“கொறையட்டும். பிள்ள அதுல பால்சோறு சாப்பிடட்டும்.”

மகள் முற்றத்தைக் கடந்து வந்து ஆச்சியின் தோளில் முகம் வைத்துக்கொண்டார். கிண்ணத்தின் விளிம்பு நீலம். சிவப்பில் கிடைக்குமா என்று நான் கேட்டேன். ஆச்சி அன்று எதை விட்டுக்கொடுத்தார், மகளுக்கு என்ன கிடைத்தது என்பதெல்லாம் எனக்கு எட்டவில்லை.

இப்போது நானும் ஒரு பெண்ணுக்குத் தாய். அவளுக்கு இது நல்லது, அது நல்லது என்று தினமும் நானே முடிவு செய்கிறேன். பெண்களை வளர்த்து ஆளாக்கியவர்களே, நீங்கள் நினைத்துவைத்ததற்கு மாறாக உங்கள் மகள் ஒன்றைச் சொன்னபோது, அதை முதல் தடவையிலேயே காதில் வாங்கிக்கொள்ள உங்களால் முடிந்ததா? எப்படி என்று எனக்குக் கொஞ்சம் எழுதுங்களேன்.