இரண்டு விரல் இரும்பு

நோன்பு மயக்கத்தில் கேட்ட சத்தம் என்கிறாள் என் மனைவி ஷிம்லா. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் இது எனக்கு நடந்தது. என் இடது தோளில் தழும்பு இருக்கிறது.

2013, நோன்பு மாதம். கரைத்தீவில், உப்புநீர்க் களப்பின் கரையில், ஸலாஹுதீன் நானாவின் பழைய இரும்பு யாட்டில் காஸ் கட்டரால் இரும்பு வெட்டுவது என் தொழில். போர் முடிந்த பிறகு வடக்கிலிருந்து லொறி லொறியாக இரும்பு வந்தது. அந்த நோன்பில் வந்தது, எரிந்துபோன ஒரு டாங்கி.

சுற்றிப் பார்த்தேன். நொறுங்கல் இல்லை, நசுங்கல் இல்லை. உச்சியில் மட்டும் ஒரு ஓட்டை. என் பெருவிரல் போகும் அளவு.

"இவ்வளவு பெரிய சாமான் இந்த ஓட்டையாலயா செத்துச்சு?" என்று நானாவிடம் கேட்டேன்.

"முன்னுக்கு ஒரு சாண் இரும்பு, தம்பி. மேல ரெண்டு விரல்தான். வெட்டவெளியில அதுதான் ராசா. டவுனுக்குள்ள போனா, மாடியில நிக்கிற ஒருத்தன் ரொக்கட்டைத் தோள்ல வச்சு அடிச்சாப் போதும். உள்ளுக்கு இருக்கிறவனுக்கு மேல கண் இல்லயே."

"உள்ளுக்கு எத்தனை பேர் இருந்தாங்க?"

நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ வேலையைப் பாரு."

என்னோடு, பாரம் தூக்கும் செயின் புளொக் இழுக்கும் சவிரிமுத்து, மாம்புரிக்காரன், உள்ளே இறங்கவே மறுத்துவிட்டான். "மயிர் கருகின மணம் அடிக்குது, அண்ணே."

எனக்கும் அடித்தது. எரிந்து பல வருடமான இரும்பில் எப்படி மணம் இருக்கும்? நான் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை. வெயிலில் வெளி இரும்பு கை வைக்க ஏலாமல் கொதித்தது. உள்ளே... ஐஸ் பெட்டிபோல் குளிர்ந்து கிடந்தது.

மூன்றாம் நாள், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தேன். நானும் சவிரியும் டாங்கியின் கூரையில் ஒரு பெரிய துண்டை வெட்டி, செயினில் தூக்கித் தொங்கவிட்டோம். அதை ஏற்ற லொறியைக் கூட்டிவரச் சவிரி றோட்டுக்குப் போனான். நோன்பு திறக்க முதல் இன்னொரு வெட்டு வெட்டிவிடலாம் என்று நான் மட்டும் உள்ளே இறங்கினேன். தொங்கும் இரும்புக்கு நேர்கீழே.

முழங்காலில் குந்தினேன். கட்டரைப் பற்றவைக்கப் போனேன்.

காற்று நின்றது.

அந்த மாதத்துத் தெற்குச் சோளகக் காற்று எங்கள் கரையில் நிற்பதே இல்லை. அன்று நின்றது.

கிர்ர்ர்ர்...

ரேடியோ இரைச்சல். காதுக்குப் பக்கத்தில். ஆனால் அங்கே ரேடியோ இல்லை. உருகிய வயர்கள் மட்டும்தான்.

"சவிரி?"

கட்டரைக் கீழே வைத்தேன்.

கிர்ர்ர்ர்... பிறகு ஒரு குரல். இளம் குரல். மூச்சு வாங்கியது. சிங்களத்தில் பேசியது.

"உட பலன்ன..."

மேலே பாருங்கள்.

கலிமாவைச் சொல்லப் பார்த்தேன்.

"உட பலன்ன! உட பலன்ன!"

பார்த்தேன்.

செயினின் கொக்கி... விரிந்துகொண்டிருந்தது.

பாய்ந்தேன்.

டமார்!

சவிரி ஓடிவந்து என்னை வெளியே இழுத்தான். தோள் கிழிந்து இரத்தம் ஓடியது. நான் குந்தியிருந்த இடத்தில் அந்த இரும்புத் துண்டு குத்திட்டு நின்றது.

"ஆர் அண்ணே சிங்களத்தில கத்தினது?" என்றான் சவிரி. "றோட்டு வரைக்கும் கேட்டிச்சே."

அந்த டாங்கியை நான் பிறகு தொடவில்லை.

அடுத்த வருடம் சிலாபத்திலிருந்து ஒருவர் வீட்டு வாசலுக்குக் கேற் செய்ய இரும்பு வாங்க வந்தார். பழைய இராணுவக்காரர். மூலையில் மிச்சம் கிடந்த டாங்கியின் முன்பக்கத்தைக் கண்டதும் நின்றுவிட்டார். அதிலிருந்த இலக்கத்தைத் தடவினார்.

"இதுக்குப் பின்னால் வந்த டாங்கியில் நான் இருந்தேன்," என்றார் சிங்களத்தில். எனக்குக் கேட்ட குரலைப் பற்றி நான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"இந்த டாங்கியைத் தலையை வெளியே நீட்டி ஓட்டிய சாரதிப் பையன்தான் மாடி யன்னலில் ஆளைக் கண்டான். மேலே பாருங்கள், மேலே பாருங்கள் என்று ரேடியோவில் கத்தினான். நாங்கள் பார்க்க முதல் அடி விழுந்துவிட்டது. இதற்குள் ஒருவரும் மிஞ்சவில்லை."

இலக்கத்தின் மேலிருந்து கையை எடுத்தார்.

"பொழுதுபட முதல் எல்லாம் எரிந்து முடிந்தது. ஆனால் விடியும் வரை... எங்கள் ரேடியோவில் அவன் கத்திக்கொண்டே இருந்தான்."